காலுறைக்குப் பத்துப் பவுன்

டிசம்பர் 2, திங்கள்

இன்று மாலை லண்டன் மாநகரிலிருந்து ஓர் அரசாணை பிறந்தது. பிறப்பித்தவள் என் அக்காள் மகள் பியூலா. ஆறு வருஷம் கழித்து இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்மஸுக்குப் பாளையங்கோட்டை வருகிறாள். விமானம் ஏறுவதற்கு முன்பே எங்களை ஆளத் தொடங்கிவிட்டாள். இந்த வருஷம் வீட்டில் ஆளுக்கொரு காலுறை தொங்க வேண்டுமாம். அதற்குள் சின்னச் சின்னப் பரிசாகப் போட்டு நிரப்ப வேண்டுமாம். அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

“காலுறைன்னா, சாக்ஸாட்டி?” என்று அக்கா போனுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமாம்மா. பெரிய சாக்ஸ்.”

“துவைச்சதா?”

இங்கிலாந்து போனை வைத்துவிட்டது.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பை ஆராயப்போகும் அறிஞர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. பெயர் தேவபிச்சை. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் விசில் ஊதாமல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சக்கரமும் உருண்டதில்லை; நான் முறைத்தால் சூரியனே சற்றுத் தாமதமாக உதித்திருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உலகத்தில் அத்தனை தகுதியான பெண்கள் இல்லை. அக்கா ஜெயசீலியின் வீட்டு மாடியில் ஆட்சி செய்கிறேன். கீழே அக்காவும் அவளுடைய இளைய மகள் ஹெப்சிபாவும்.

ஹெப்சி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஊசி குத்தினால் வலிக்காது, பேசினால் வலிக்கும். வருகிற 27ஆம் தேதி அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நாசரேத்தில் பி.டி. மாஸ்டர், பெயர் ஜெபசிங். இதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவள் காப்பி கொடுத்த கையோடு சொன்னது ஒன்றுதான்: “பவுன்னு வாயெடுத்தா, வாசல் அந்தா இருக்கு.” மூன்று பேரும் வாசலை மெச்சிக்கொண்டே போய்விட்டார்கள். நாலாவதாக வந்த ஜெபசிங்கின் அம்மா செல்லத்தாய் மட்டும், “எங்களுக்குப் பொண்ணுதாம்மா வேணும்” என்று சொல்லி இன்னொரு தம்ளர் காப்பி கேட்டார். அன்றிலிருந்து ஹெப்சி சில நேரம் காரணமில்லாமல் சிரிக்கிறாள். கேட்டால் முறைக்கிறாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலுறைக்கு எவ்வளவு செலவழிப்பது என்பது குறித்து இரு கண்டங்களுக்கிடையே உச்சிமாநாடு. போன் சூடாகி அக்கா முந்தானையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் தீர்மானம்: ஆளுக்கு நூறு ரூபாய். பியூலாவின் தீர்மானம்: ஆளுக்குப் பத்து பவுண்டு.

“ஆயிரத்துச் சொச்ச ரூவாயா? ஒரு சாக்ஸுக்குள்ளயா?” என்றாள் ஹெப்சி. “அந்த ரூவாய்க்கு ஒரு சேலையே எடுக்கலாமேக்கா.”

“இங்க பத்து பவுண்டுக்கு ஒரு காப்பியும் ரெண்டு ரொட்டித்துண்டும்தாண்டி கிடைக்கும்.”

“அப்ப அங்க இருக்கவங்க எல்லாம் பட்டினியாட்டி கிடக்காவ?” என்று அக்கா பதறினாள்.

நான் குறுக்கிட்டு, ஆளுக்கு ஒரு யானை என்று வைத்துக்கொள்ளலாம், காலுறையை யானைக்கே மாட்டிவிடலாம், செலவும் மிச்சம் என்று யோசனை சொன்னேன். குறிப்பில் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. உள்ளே என்ன போடுவது என்று ஒரு மணி நேரம் போனது. அதிரசம் போட்டால் எண்ணெய் கசியும். முறுக்கு போட்டால் திருநீறாகத்தான் வெளியே வரும். அல்வா போட்டால் அப்புறம் காலுறையையே தின்ன வேண்டியதுதான்.

முடிவில் பத்து பவுண்டே நிலைத்தது. இங்கிலாந்து வென்றது. வரலாற்றுக்கு இது புதிதில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

காலுறை வேட்டை. இந்த ஊர் வெயிலில் காலுறை போடுகிறவர்கள் இரண்டே சாதி: பள்ளிக்கூடப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தை நினைத்து அழுகிற பிள்ளைகள். எனவே சீருடைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இருப்பதிலேயே நீளமானதை எடுத்துப் போட்டார். வெள்ளை. எட்டு ஜோடி வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்தவள் கீழே போட்டுவிட்டாள்.

“ஏல, உனக்குப் புத்தி இருக்கா? வெள்ளை சாக்ஸு நம்மளுக்கு எப்ப போடுவாவ? பெட்டியில படுக்க வச்சு மூடப்போகும்போதுதாம்ல! நல்ல நாளும் அதுவுமா எட்டுப் பேருக்கு வாங்கிட்டு வந்துருக்கான்!”

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. உடனே சிவப்புச் சாயப்பொடி வாங்கி வாளியில் முக்கினேன். காலுறைகள் சிவக்கவில்லை, இளஞ்சிவப்பாகின. என் வேட்டிதான் சிவந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “என்ன சார், கட்சி மாறிட்டியளா?” என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் பியூலா வீடியோவில் சீட்டுக் குலுக்கினாள். யார் காலுறையை யார் நிரப்புவது என்பதற்குத்தான் சீட்டு. சம்பந்தம் ஆகப்போகிறவர்கள் என்று ஜெபசிங்கையும் செல்லத்தாயையும் சேர்த்திருந்தாள். மொத்தம் எட்டுப் பேர். எனக்கு வந்தது அக்கா. அக்காவுக்குப் பத்து பவுண்டுக்கு எதை வாங்கினாலும், “இது எதுக்குல?” என்றுதான் கேட்பாள்.

செல்லத்தாய்க்கு விழுந்த சீட்டில் ஹெப்சி. வருங்கால மாமியார், வருங்கால மருமகளின் காலுறையை நிரப்ப வேண்டும். விதியின் நகைச்சுவை என்னுடையதற்கு மிக அருகில் வந்துவிட்டது.

டிசம்பர் 9, திங்கள்

அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது செல்லத்தாய் போன் செய்தார். நான் எடுத்தேன்.

“அண்ணாச்சி, சீட்டுல எனக்கு ஹெப்சிபா பேருதான வந்துருக்கு. அந்தச் சாக்ஸுக்குள்ள எவ்வளவுக்குப் போடணும்? எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது பாத்துக்கோங்க.”

யாரிடம் கேட்டார் பாருங்கள்.

“பத்து பவுன்” என்றேன்.

“பவுனா?”

“பவுன்தான். லண்டன் கணக்கு. எங்க குடும்பத்துல காலங்காலமா அப்படித்தான். கூடினா கூடும், குறையாது. எங்க தாத்தா காலத்துல காலுறை பாரம் தாங்காம சுவரே இடிஞ்சு விழுந்துருக்கு. கொத்தனார் வந்துதான் பரிசை எடுத்தாவ.”

“எல்லாருக்குமா அண்ணாச்சி?”

“எல்லாருக்கும். பொண்ணுக்கு முக்கியமா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி அண்ணாச்சி” என்று வைத்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்து சிரிக்கிற ரகம் போலிருக்கிறது. கண்ணியமான பெண்மணி.

டிசம்பர் 10, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. கொத்தனாரை நினைத்து இரண்டு முறை சிரித்தேன்.

டிசம்பர் 14, சனி

இங்கிலாந்து வந்திறங்கியது. ஆறு பெட்டிகள், இரண்டு பிள்ளைகள், ஒரு பியூலா. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம், கொடுத்துவைத்தவர். பிள்ளைகளின் பெயர் ஜோயல், மியா. மியாவுக்கு ஆறு வயது. மாடியில் காய்ந்துகொண்டிருந்த எட்டு ஜோடி இளஞ்சிவப்புக் காலுறைகளைப் பார்த்துவிட்டு, “தாத்தா, உங்களுக்கு எத்தனை கால்?” என்று கேட்டாள். இந்தக் குடும்பத்தின் எதிர்காலம் நல்ல கைகளில் இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

மாப்பிள்ளை ஜெபசிங் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. விசில் வைத்திருக்கிற மனிதர்கள்மேல் எனக்கு இயற்கையாகவே மரியாதை. ஆனால் இவர் விசிலை வைத்துக்கொண்டு வாயைத் தொலைத்தவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை. அதுவும் பெரும்பாலும் “ஆமா”.

பைக்குள்ளிருந்து முழங்கால் வரை நீளும் சிவப்பு ஃபுட்பால் காலுறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுசு. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“அம்மா குடுத்துவிட்டாவ” என்றார் ஹெப்சியைப் பார்த்து. “பத்து பவுன் இதுக்குள்ள அடங்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

ஹெப்சி கையிலிருந்த காப்பித் தம்ளரை மேஜையில் வைத்தாள்.

“என்னது?”

“பத்து பவுன். அப்படித்தான் சொன்னாவ.”

“இதுல உங்களுக்கும் சம்மதம்தானா?”

“எனக்கென்ன? அம்மாவுக்குச் சந்தோஷம்னா சரிதான்.”

ஹெப்சி காலுறையை அவர் பக்கமாகத் தள்ளினாள். “அடங்காதுன்னு சொல்லுங்க” என்றாள்.

“இதுக்கு மேல பெரிய சாக்ஸ் கோல்கீப்பருக்குக்கூடக் கிடையாதே” என்று ஜெபசிங் கவலைப்பட்டார். காப்பியை முழுதும் குடித்துவிட்டு, “ஆமா, வாரேன்” என்று கிளம்பிப் போனார். பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் எனக்கு ஏனோ பேச்சு வரவில்லை. இரண்டு விசில்காரர்கள் பேசாமல் நடந்தோம்.

டிசம்பர் 18, புதன்

வீட்டில் புயல்.

“சாக்ஸுக்குள்ள போட்டா அது வரதட்சணை இல்லன்னு ஆயிருமாம்மா?” என்று ஹெப்சி கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. “பொண்ணு மட்டும் போதும்னு காப்பி வாங்கிக் குடிச்சுட்டு, இப்ப சைஸ் பாத்து சாக்ஸு குடுத்துவிடுதாங்க. இருபத்தேழாந்தேதி நிச்சயம் கிடையாது. சபை ஐயர்கிட்ட சொல்லிருங்க.”

“ஒரு போனைப் போட்டுக் கேட்டுருவோம்ட்டி” என்றாள் அக்கா.

“வேண்டாம்.”

“ஏம்ட்டி?”

“அவரு ஆமான்னு சொல்லிட்டாருன்னா?”

அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் சபை நாகரிகம் புகழ் பெற்றது.

இருபத்தைந்தாம் தேதி சாப்பாட்டுக்கு அவர்கள் வரும்போது முகத்துக்கு நேரே சொல்லிவிடப்போகிறாளாம்.

பியூலா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நான் பவுண்டுன்னுதான சொன்னேன். அவங்ககிட்ட யாரு பவுன்னு சொல்லிருப்பா?”

எனக்கு அப்போதுதான் வாசல் நட்சத்திரத்தில் பல்பு மாற்ற வேண்டியது ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரம் மாற்றினேன். சில பல்புகளை இரண்டு தடவை.

டிசம்பர் 20, வெள்ளி

கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய்ப் பாடுகிற இரவு. வழக்கம்போல் நான்தான் கிறிஸ்மஸ் தாத்தா. தலையணையை வயிற்றில் கட்டி, முகமூடி மாட்டி நான் ஆடினால் பூமியின் அச்சு ஓரிரு பாகை நகரும் என்று அறிவியல் சொல்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மடங்கு ஆடினேன். மியா கைதட்டினாள். ஹெப்சி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் கூட்டத்தோடு சேர்ந்து இரண்டாம் குரலில் பாடியவள் இந்த வருஷம் காணிக்கைக் கவரை நீட்டிவிட்டு, என் காதருகே வந்தாள்.

“மாமா, முகமூடியைக் களட்டிட்டு ஒரு வாய் தண்ணி குடிங்க. கண்ணு கலங்கிருக்கு உங்களுக்கு.”

பஞ்சு தாடி உறுத்துகிறது என்றேன். மட்டமான பஞ்சு. புகார் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 21, சனி

மத்தியானம் என் போனுக்கு செல்லத்தாய் பேசினார்.

“அண்ணாச்சி, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். என் வளையலு, தோடு, எங்க வீட்டுக்காரர் போட்ட செயினு எல்லாம் சேத்து நிறுத்துப் பாத்துட்டேன். பத்துக்கு அரைக்கால் பவுன்தான் குறையுது. அதையும் எப்படியும் பெரட்டிருவேன். ஆனா அடங்காதுன்னு அந்தப் புள்ள சொல்லிட்டுன்னு ஜெபசிங் வந்து சொன்னான். பத்துக்கு மேல என்னால ஏலாது அண்ணாச்சி. இதை மட்டும் எப்படியாவது உங்க அக்காட்ட பேசுங்க. திங்கக்கிழமை காலைல ஆசாரிட்ட உருக்கக் குடுக்கேன். புதுசா செஞ்சு போட்டாதான நம்மளுக்கும் மரியாதை.”

சரி என்றேன்.

இன்று வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

முதல் பஸ்ஸில் நாசரேத்துக்குக் கிளம்பினேன். “ஆராதனைக்கு வராம எங்கல போற?” என்று அக்கா கேட்டாள். ஆண்டவர் அழைக்கிறார் என்றேன். பொய்யில்லை. பஸ் பதினேழு நிமிஷம் தாமதம். என் காலமாக இருந்தால் டிரைவர் இந்நேரம் கோயில் மணி அடிக்கும் வேலையில் இருந்திருப்பார். வழியெல்லாம் ஓர் உரை தயாரித்தேன். முன்னுரை, காலுறையின் உலக வரலாறு, மொழியியல் விளக்கம், மங்களம்.

கோயிலில் ஆராதனை முடிந்து செல்லத்தாய் வெள்ளைச் சேலையில் வெளியே வந்தார். அவர் கழுத்தில் ஒன்றும் இல்லை. காதிலும் இல்லை. போன முறை பார்த்தபோது என்ன போட்டிருந்தார் என்று எனக்கு நினைவில்லை, இல்லாதபோதுதான் தெரிகிறது.

“என்ன அண்ணாச்சி, நீங்களே வந்துட்டிய?”

உரை முழுதும் மறந்துபோயிற்று.

“பவுன் இல்ல” என்றேன். “பவுண்டு.”

“என்ன சொல்லுதிய?”

“லண்டன் ரூவா. பத்து பவுண்டுன்னா நம்ம ரூவாய்க்கு ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்துக்குத்தான் சாக்ஸு. நான்தான் விளையாட்டுக்கு அப்படிச் சொன்னேன்.”

அவர் கோயில் வளாகத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. “கொத்தனாரு?” என்று கேட்டார்.

“கொத்தனாரும் இல்ல.”

“நான் ரெண்டு வாரமா ஒழுங்காச் சாப்பிடல அண்ணாச்சி.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணும் வேண்டாம்னு சொன்ன புள்ளயாச்சே, திடீர்னு இப்படிக் கேக்குன்னு எனக்கு வெளங்கவே இல்ல. சரி, லண்டன்ல இருந்து அக்கா வாரா, அவளுக்கு முன்னால தலைகுனியக் கூடாதுன்னு நினைச்சிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அப்ப அடங்காதுன்னு ஏன் சொல்லுச்சு?”

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. “நீங்க கேக்கியன்னு நினைச்சுட்டா” என்றேன்.

“நானா?”

கோயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லாம் தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் எல்லோருக்கும் தோத்திரம் சொன்னார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் எழுந்து, “போய் அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க” என்றார். “வர்ணனை இல்லாம சொல்லுங்க.”

இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிமன்றமும் எனக்கு விதித்ததில்லை.

சாயங்காலம் சொன்னேன். ஹெப்சி கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றே வாக்கியம். என் வாழ்நாளில் இவ்வளவு குறைவாகப் பேசியது ஞானஸ்நானத்தின்போதுதான். அக்கா கையில் கிடைத்த அகப்பையை என்மேல் எறிந்தாள். குறி தப்பவில்லை. பியூலா, “மாமா!” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள், என் தலையில் அல்ல, அந்த மட்டும் நல்லது.

ஹெப்சி திட்டவில்லை.

“செயினைக் களட்டிட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“நான் அடங்காதுன்னு சொன்னேன்லா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கை கழுவப் போனாள். குழாய் வெகு நேரம் ஓடியது.

டிசம்பர் 23, திங்கள்

ஹெப்சி லீவு போட்டாள். நாசரேத்துக்குப் போகிறாளாம்.

“நிச்சயத்துக்கு முன்ன பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி மிதிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?” என்றாள் அக்கா.

“நிச்சயமே இல்லாமப் போனா மட்டும் ஊரு சும்மா இருக்குமாக்கும்?”

துணைக்கு நான். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் இரண்டு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

செல்லத்தாய் வீட்டு அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். ஹெப்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா என்று சொல்லவும் இல்லை. பிழிந்துகொண்டே இருந்தார். ஹெப்சி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், எண்ணெய்க் கம்பியை எடுத்துக்கொண்டு சட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். நான் நிலைப்படியில் நின்றேன். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

“அத்தே, கேக்காமலே தப்பா நினைச்சுட்டேன்.”

“ஆமா. நினைச்சுட்ட.”

அடுத்த முறுக்கு எண்ணெயில் விழுந்தது.

“ஒரு போனு போட்டுக் கேட்டுருக்கலாம்லா” என்றார் செல்லத்தாய், தலை நிமிராமல்.

“பயமா இருந்துச்சு. கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிருவியளோன்னு.”

செல்லத்தாயின் கை நின்றது. முறுக்கு பாதி வட்டத்தில் தொங்கியது.

“எனக்கும் அதே பயந்தாம்ட்டி” என்றார். “கேட்டா, ஆமா, அம்புட்டும் வேணும்னு சொல்லிருவியோன்னுதான் நானும் கேக்கல.”

ஹெப்சி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மாவு ஒட்டிக்கொண்டது.

“கருகுது பாரு. திருப்பு” என்றார் செல்லத்தாய்.

திருப்பினாள். அடுத்த ஈடும் அவளே எடுத்தாள். அப்புறம்தான் செல்லத்தாய் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இனிமே அந்தச் சாக்ஸுக் கணக்கை நான் சொல்லுதேன். பத்துன்னு வாயில வந்தது பத்தாவே இருக்கட்டும். ஆளுக்குப் பத்து ரூவா. அதுக்கு மேல ஒரு காசு கூடப் போட்டாலும் நான் வர மாட்டேன். லண்டன்ல சொல்லிருங்க.”

லண்டன் எங்கள் வீட்டு மாடியில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது, சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் கணக்குப் பார்த்துவிட்டு ஜெபசிங் உள்ளே வந்தார். அடுப்படியில் ஹெப்சி. அம்மாவுக்குக் கண் சிவந்திருக்கிறது. நிலைப்படியில் நான். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே” என்றார்.

அவர் குறைபட்டு நான் கேட்டது இதுவே முதல் முறை. நடந்ததைச் சொன்னதும், “அம்மா எப்பவும் பவுண்டைப் பவுன்னுதான் சொல்லுவாவ, அதான் நான் அதைப் பெரிசா எடுத்துக்கல” என்றார். ஹெப்சி ஒரு முறுக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கருகினது.

டிசம்பர் 25, புதன்

பத்து ரூபாய் என்றதும் பியூலா பதறிய பதற்றத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து ரூபாய்க்கு என்னதான் கிடைக்கும் என்று நேற்று முழுதும் தெருத்தெருவாக அலைந்தாள். பிள்ளைகள் இருவரும் முக்குக் கடையை முற்றுகையிட்டு, எதை வாங்கினால் எது மிஞ்சும் என்று கடைக்காரரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவர் கடையை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். கிறிஸ்மஸ் வரலாற்றிலேயே இவ்வளவு யோசித்து யாரும் பரிசு வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, எட்டுக் காலுறைகளும் இறக்கப்பட்டன. செல்லத்தாயின் கழுத்தில் செயின் இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாள்.

ஜோயலுக்குத் தேன் மிட்டாய். மியாவுக்கு ஒரு பலூன். உள்ளேயே ஊதி வைத்திருந்ததால் காலுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தோம். அக்காவுக்கு நான் போட்டது ஒரு பெரிய எலுமிச்சம்பழம். “இது எதுக்குல?” என்றாள். எனக்கு ஹெப்சி போட்டிருந்தது காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

“எனக்கு எங்க காயம்?”

“காயத்துக்கு இல்ல மாமா. வாய்க்கு.”

பாளையங்கோட்டை முழுதும் சிரித்தது. செல்லத்தாயும் சிரித்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிளாஸ்திரி நல்ல தரம்.

ஹெப்சியின் காலுறைக்குள் செல்லத்தாய் போட்டிருந்தது ஓர் அட்டை ஊக்கு. பன்னிரண்டு.

“நிச்சயத்தன்னைக்குப் பட்டு வழுக்கும்லா” என்றார். “நான் வந்து குத்திவிடுதேன். நீ குத்துனா ரத்தம் எடுத்துருவ.”

டிசம்பர் 27, வெள்ளி

நிச்சயதார்த்தம் இனிதே முடிந்தது. ஐயர் ஜெபித்தார். ஜெபசிங்கிடம் சம்மதமா என்று கேட்டபோது, “ஆமா” என்றார். அந்த மனிதர் ஆயுள் முழுதும் ஒத்திகை பார்த்த வார்த்தை, சரியான இடத்தில் வந்து விழுந்தது. ஹெப்சி சிரித்தாள், இந்த முறை காரணம் எல்லோருக்கும் தெரிந்தது.

பந்தியில் எங்கள் சித்தப்பா மகள் ரஞ்சிதம் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தால் போதும், செய்தித்தாள் தேவையில்லை.

“ஏண்ணே, மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்கு என்ன போட்டாவ?”

நான் வாயைத் திறந்தேன். பின்வருவன அனைத்தும் என் நாக்கின் நுனியில் வரிசையில் நின்றன: ஒட்டியாணம், கைக்கு வங்கி, யானைத் தந்தம், இரண்டு பழைய கப்பல்கள். எதிர் வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருந்த செல்லத்தாய் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையில் ஹெப்சி. அவளும் பார்த்தாள்.

“பன்னிரண்டு ஊக்கு” என்றேன்.

“ஊக்கா?”

“ஊக்கு. சேலைக்குக் குத்துற ஊக்கு. பத்து ரூவா.”

ரஞ்சிதம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க வாயில இருந்து ஒருநாளாவது உண்மை வருமான்னு பாக்கேன்” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டாள். செல்லத்தாய் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 28, சனி

காலையில் சேவு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க மருமகளுக்கு மாமியார் வீட்டுல தங்கத்துலயே ஊக்கு செஞ்சு போட்டாவளாமே சார். பன்னிரண்டாம். ஒண்ணு ஒரு பவுனாம். லண்டன்ல இருந்து ஆசாரியே வந்தானாம்.”

பிற்கால அறிஞர்கள் கவனிக்க: இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.